ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு டேங்க்

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் முறை. ஆனால் நான் நலமாக இல்லை, உன் அக்கா நலமாக இல்லை, நீ கூடவே நின்று கட்டிக்கொடுத்த இந்த வீடும் நலமாக இல்லை. நீயாவது நன்றாக இரு, இதைப் படித்து முடிக்கும்வரை.

வீட்டை விற்கப் போகிறோம் என்பது உனக்குத் தெரியும். முழங்கால் வலியோடு உன் அக்கா மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மகள் குடியிருக்கும் கட்டடத்திலேயே, லிஃப்டோடு, ஒரு வீடு பார்த்தாயிற்று. இந்த வீட்டை வாங்க வந்தவரும் தங்கமானவர். சுவரைத் தட்டினார், குழாயைத் திறந்தார், எல்லாம் பிடித்தது. போகும்போது மட்டும், செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்து திறந்து காட்டிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன், இல்லையென்றால் வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன் என்றார். இதென்ன பிரமாதம் என்று தலையாட்டிவிட்டேன்.

கழிவு எடுக்கும் லாரிக்காரர் வந்தார். மூடி எங்கே என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் எங்களை யாரும் கேட்காத கேள்வி. ஒரு தடவைகூடத் திறந்ததில்லை, அவ்வளவு நல்ல டேங்க் என்று உன் அக்கா பெருமையாகச் சொன்னாள். அவர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பல்லே தேய்க்காதவனைப் பல் டாக்டர் பார்க்கிற பார்வை. டைல்ஸ் போட்டபோது மறைந்துபோயிருக்கும் என்று பக்கவாட்டுச் சந்தில் உடைத்தோம். மண். படிக்கட்டுக்குப் பக்கத்தில் உடைத்தோம். மண். உன் அக்கா கைத்தடியால் தட்டிப் பார்த்து, இங்கேதான் ‘டொம்’மென்று கேட்கிறது என்றாள், அங்கே உடைத்ததில் குடிதண்ணீர்க் குழாய் அகப்பட்டது, இரண்டு துண்டாக. கடைசியில் லாரிக்காரர்தான் ஒரு வழி சொன்னார். துணிக்குப் போடும் நீலத்தைக் கக்கூஸில் ஊற்றித் தண்ணீர் விடுங்கள், அது எங்கே போகிறது என்று தேடலாம், அதற்குள் பக்கத்து வீட்டு டேங்கை முடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். நான் ஒரு பாட்டிலை முழுசாகக் கவிழ்த்தேன். ஐந்தே நிமிஷத்தில் திரும்பி வந்து என் காதோடு சொன்னார்:

“சார், உங்க நீலம் அங்க வருது.”

மாப்பிள்ளை, நமக்கு டேங்கே கிடையாது. வீடு கட்டும்போது நான் வெளியூரில் வேலையில் இருந்தேன். டேங்க் வேலை முடிந்தது அத்தான் என்று நீ எழுதிய கடிதம் இன்னும் பீரோவில் இருக்கிறது. முடிந்ததுதான், பக்கத்து வீட்டில். இரண்டு வீட்டுக்கும் ஒரே மேஸ்திரி. இன்னொரு குழி வெட்டச் சோம்பல்பட்டு அவன் குழாயை அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறான், நீ குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறாய். அந்தப் பக்கத்து வீட்டு மனுஷர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லாரி கூப்பிடுவார். வீட்டில் இருப்பதே மூன்று பேர், அப்படி என்னதான் சாப்பிடுகிறார்களோ என்று நானும் உன் அக்காவும் ஜன்னலில் நின்று சிரித்திருக்கிறோம்.

அதுவும் யார்? ஒன்பது வருஷமாக நான் முகம் கொடுத்துப் பேசாத மனுஷர். அவர் மாடிக் குழாய் நம் சுவரில் சொட்டியதற்கு, உங்க வீட்டுத் தண்ணி ஒரு சொட்டுகூட எங்க பக்கம் வரக்கூடாது என்று தெருவே கேட்கக் கத்தியவன் நான். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் வாசலில் நிற்பேன்? புதிதாகக் கட்டலாம் என்றால் இடமில்லை. காலியாகக் கிடந்த இடத்திலெல்லாம் அறை கட்டிவிட்டோம். வினை விதைத்தவன் நீ, அறுப்பது நானா? கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, அவர் காலில் விழுந்தாவது, குழாய் இப்படியே இருக்கலாம் என்று வாங்குகிறவர் பெயருக்கு எழுதி வாங்கிக் கொடு. ஞாயிறு தாண்டினால் உன் அக்காவுக்கு லிஃப்ட் இல்லை.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். உனக்கானதை நேரில் தருகிறேன்.

இப்படிக்கு,
நீலம் போகாத கையோடு,
உன் அத்தான்

பின்குறிப்பு: அவர் காலில் விழ நீ வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் அவரே வந்துவிட்டார். பத்து வருஷத்துக்கு முன்பே அவருக்குத் தெரியுமாம். அப்படியானால் ஒரு சொட்டுத் தண்ணீருக்கு நான் கத்திய அன்றும் தெரிந்துதான் பேசாமல் நின்றிருக்கிறார். வாங்குகிறவருக்கு எழுதித் தர முடியுமா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். முடியாது என்றுவிட்டார்.

“முன்னபின்ன தெரியாதவங்களுதை எல்லாம் என்னால ஏத்துக்க முடியாதுங்க. நீங்கன்னா இருந்துட்டுப் போங்க, பழகிடுச்சு.”

என் அறுபத்தெட்டு வயதில் வேறு யாரும் என்னை இவ்வளவு தூரம் ஏற்றுக்கொண்டதில்லை. வீடு விற்கவில்லை. உன் அக்கா கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு கூடத்திலேயே படுத்துக்கொள்கிறேன் என்றாள். மாடியிலிருந்து கட்டிலை இறக்க மட்டும் வா. ஒரு பக்கத்தை அவர் பிடிக்கிறாராம்.