சாப்பிடாமல் எடுத்துக்கொள்பவர்

பசித்தால் சாப்பிடுகிறவர்கள் உண்டு. பசிக்காவிட்டாலும் சாப்பிடுகிறவர்கள் உண்டு. இந்த இரண்டு கட்சியிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இப்போது பெருகிக்கொண்டே வருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இவர்கள் எதையும் சாப்பிடுவதே இல்லை. "எடுத்துக்கொள்கிறார்கள்." கைப்பையிலிருந்து பளபளக்கும் ஓர் உறையை உருவி, அதை ஓரத்தில் கிழித்து, உள்ளேயிருந்து செங்கல்லின் பேரப்பிள்ளை போல ஒரு பழுப்புக் கட்டியை வெளியே எடுத்து, முகத்தில் தியாகக் களை சொட்டச் சொட்ட மெல்லுவார்கள். அதற்குப் பெயர் எனர்ஜி பார்; கொஞ்சம் விலை கூடினால் புரோட்டீன் பார். நீங்களும் நானும் அதே சமாச்சாரத்தை மிட்டாய் என்று சொல்லித் தின்று கெட்டுப்போனோம். எல்லாம் விவரம் போதாததால்தான்.

அரசாங்க நில அளவை அலுவலகத்தில் வரைபடப் பிரிவின் தலைவராக இருந்தவர் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'கிராம்'. யாராவது தேநீரில் பிஸ்கட்டை நனைத்து, அது ஊறி விழுந்துவிடும் முன் வாய்க்குக் கொண்டுபோகிற அந்த ஆபத்தான நொடியில் பக்கத்தில் வந்து நின்று, "இதுல புரோட்டீன் எத்தனை கிராம் தெரியுமா?" என்று கேட்பார். பிஸ்கட் தேநீருக்குள் விழும். அவர் போய்விடுவார்.

நடைப்பயிற்சிக்கு முன்னால் சக்திக்காக ஒரு பார் எடுத்துக்கொள்வார். நடந்து வந்த பிறகு தசைக்காக ஒன்று. மழை வந்து நடை ரத்தானால்? ஏமாற்றத்தைத் தாங்க உடம்புக்குத் தெம்பு வேண்டாமா, அதற்கு ஒன்று. இப்படி எடுத்துக்கொண்டதில் கால்சட்டைகள் ஒவ்வொன்றாக அவரைக் கைவிட்டன. தையற்கடை வைத்திருந்த அவர் மனைவி, இடுப்பைப் பிரித்துப் பிரித்துத் தைத்து, பிரிக்கத் துணியே இல்லாத நிலைக்கு வந்த பிறகு மெதுவாகப் பேச்செடுத்தாள். அது தொப்பை இல்லை, தசை என்று அவர் விளக்கினார். தசை ஏன் உட்காரும்போது மடியில் வந்து படுத்துக்கொள்கிறது என்று அவள் கேட்டதற்கு, ஓய்வெடுக்கும் தசை அப்படித்தான் என்றார்.

வீட்டில் சர்க்கரை டப்பா பரணுக்குப் போயிற்று. மனைவியும் மகளும் கடையில், துணி வெட்டும் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, திருட்டுத்தனமாக வாழைப்பழமும் வறுத்த வேர்க்கடலையும் தின்னும்படி ஆயிற்று. நேர்மையான குடும்பம், என்ன செய்வது.

இந்த நிலையில் மகளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள் வந்தது. கேக் வாங்கக்கூடாது என்று தந்தை தடைபோட்டார். பிள்ளைகளுக்கு விஷத்தை வெட்டி ஊட்டிவிட்டுக் கைதட்டுவதா என்று கேட்டார். கேக்கைத் தானே செய்வதாகச் சொல்லி, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது அவர் கையில் இருந்த தட்டில், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வாங்கிவைத்திருந்த பார்களை உறை நீக்கி, சுவர் கட்டுவதுபோல மூட்டு மாற்றி அடுக்கி, தேனைக் கலவையாகப் பூசி எழுப்பிய ஒரு கோட்டை இருந்தது. கட்டட வேலை என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. மெழுகுவத்திகள்தான் உள்ளே இறங்க மறுத்தன. மகளின் தோழிகள் ஆளுக்கொன்றாகக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

பாட்டு முடிந்தது. மகள் கத்தியை வைத்து அழுத்தினாள். கத்தி வளைந்தது. தந்தை வாங்கி அழுத்தினார். பிடி தனியாக வந்தது. மனைவி கடைக்குப் போய்த் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள். அது ஒரு மூலையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. அந்த நேரம் பார்த்து மனைவியின் தம்பி, பிளம்பர், வேலையிலிருந்து நேரே வந்து சேர்ந்தான். நிலைமையைப் பார்த்தான். பையைத் திறந்து, குழாய் அறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்தான்.

"புது பிளேடுதான் மாமா. இன்னும் பைப்பையே பார்க்கலை."

அவர் கோட்டையைப் பிடித்துக்கொள்ள, மச்சினன் கையால் பிறந்தநாள் கேக் அறுக்கப்பட்டது. மேசை நடுங்கியது. பழுப்புத் தூள் பறந்து பிள்ளைகளின் புதுச்சட்டைகளில் படிந்தது. ஒரு சிறுமி கிடைத்த துண்டைக் கடித்து, ஆடிக்கொண்டிருந்த பல்லை அதிலேயே விட்டுவிட்டு, பல் வலிக்காமல் விழுந்ததென்று மகிழ்ந்தாள். அன்று அந்த வீட்டில் மகிழ்ந்தது அவள் ஒருத்திதான்.

எல்லோரும் போன பிறகு மகள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அப்பாவைச் சமாதானப்படுத்தத்தான் வந்தாள்.

"பரவாயில்லைப்பா. அடுத்த வருஷம் பிறந்தநாளே வேண்டாம்னு சொல்லிடலாம்."

சங்கடமான நேரத்தில் அவர் செய்வது ஒன்றுதான். கையை நீட்டித் தட்டில் மிஞ்சியிருந்த துண்டை எடுத்துக் கடித்தார். கடைவாயில் 'டக்' என்று ஒரு சத்தம். எப்போதோ அடைத்துவைத்த பல் பாதியாகப் பிளந்துவிட்டது.

பல் டாக்டரம்மா வாயைப் பார்த்தார், பிடுங்கியாக வேண்டும் என்றார், பிடுங்குமுன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார். பார்த்தவர் மறுபடியும் பார்த்தார். இனிப்பு நிறையச் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். இனிப்பைக் கையால் தொட்டே ஒரு வருஷம் ஆகிறது என்று இவர் வீங்கிய கன்னத்தோடு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி, சாட்சிக்குச் சட்டைப்பையிலிருந்து ஒரு பாரையும் எடுத்து நீட்டினார். டாக்டரம்மா உறையின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார்.

"குளுக்கோஸ் சிரப், அரிசி சிரப், பேரீச்சம்பழச் சாறு, தேன். நாலு பேர்ல வந்தாலும் வந்தது ஒரே ஆள்தாங்க, சர்க்கரை. புரோட்டீன் கொஞ்சம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. நாள் பூரா மலை ஏறுறவங்க, வழியில சோறு கிடைக்காதவங்க ஒண்ணு சாப்பிட்டா தப்பில்லை. சர்க்கரை கம்மியா இருக்கிறதும் கடையில கிடைக்கும், தேடி வாங்கணும். நீங்க எந்த மலை ஏறுறீங்க?"

"ஆபீஸ் மூணாவது மாடிங்க."

"படியிலயா?"

அவர் பல்லைப் பிடுங்கச் சொல்லி வாயை அகலத் திறந்து காட்டினார். திறந்த வாயால் பேச முடியாதது ஒரு வசதி.

பல் போயிற்று. மிச்சமிருந்த பார்களை மச்சினன் எடுத்துப்போய், ஒரு வாடிக்கையாளர் வீட்டில் ஆடிக்கொண்டிருந்த துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்தான். இன்றுவரை அது அசையவில்லை என்று கேள்வி. அடுத்த வாரத்தில், எந்த விசேஷமும் இல்லாத ஒரு சாதாரணச் சாயங்காலம், அவர் பேக்கரியில் கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகள் நம்பாமல் விரலால் குத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போனது. அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்துவிட்டு அவர் அடுக்களைப் பக்கம் போய்த் தட்டுகளை எடுத்துவந்தார். தனக்கு வேண்டாம், சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி ஒரு பிடி வேர்க்கடலையை வாங்கி, பல் மிஞ்சியிருந்த பக்கமாக ஒதுக்கி மென்றார்.

ஆக, ஓர் ஆள் தேறிவிட்டார். இனம் அழிந்ததா? இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்த நீங்கள், நடுவில் ஓர் இடத்தில் சிரிப்பை நிறுத்தி, "நான் வாங்குறது அந்த மாதிரி இல்லை, அது வேற" என்று உங்களுக்குள் சொல்லிக்கொண்டீர்களே, அது என் காதில் விழுந்தது. அவரும் முதலில் அப்படித்தான் சொன்னார்.