ஓடில் மிஸ்ஸின் சாவி

மினிபஸ்கள் சீறிப் பாயும் சாலையை அன்று இரண்டாம் முறையாகக் கடந்து ஓடில் மாத்யூரின் என்ற ஆசிரியை பள்ளிக்குத் திரும்பியபோது, நான்காம் படிவத்தின் இயற்பியல் வகுப்பில் திருவிழாவே தொடங்கியிருந்தது. மேசைகள் மத்தளமாகியிருந்தன. அவளுடைய நாற்காலிமேல் ஒருவன் ஏறி ஆடிக்கொண்டிருந்தான்.

தீவின் தலைநகரான காஸ்ட்ரீஸின் நடுவில் இருந்த அந்தப் புனித சிப்ரியன் ஆண்கள் பள்ளிக்கு வந்த முதல் ஆசிரியை அவள்தானாம். அதைத் தலைமையாசிரியர் ஃபாதர் லியோன்ஸ் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் கழிப்பறை என்று கேட்டால் மட்டும் கையை விரித்துவிடுவார்.

"இந்தக் கட்டடத்துல பெண்களுக்குன்னு ஒண்ணு என்னைக்குமே இருந்ததில்ல, மிஸ். நான் என்ன செய்ய?"

எதிர்ப்பக்கத்துக் கன்னியர் மடத்துக்குப் போய்வரச் சொன்னார். அங்கே வாசல் காக்கும் வயதான சிஸ்டரோ, ஓடிலின் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று விவரமாகக் கேட்டறியாமல் கதவைத் திறக்கமாட்டார். ஓடில் ஒரு காலில் நின்றபடி பதில் சொல்வாள்.

அன்று நேரே ஃபாதரின் அறைக்குப் போனாள். இனி ரோட்டைக் கடப்பதாக இல்லை என்றாள். அவர் யோசித்துவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக் குடிக்கலாமே என்றார். மறுநாள் காலை வழிபாட்டில், அவர் பார்க்கப் பார்க்க, ஒரு பெரிய பாட்டில் தண்ணீரை அவள் நின்ற இடத்திலேயே குடித்து முடித்தாள்.

ஃபாதருக்குப் புரிந்துவிட்டது. ஆண் ஆசிரியர்களின் கழிப்பறைக் கதவில் ஒரு பலகை தொங்கவிட்டார். ஒரு பக்கம் 'ஆண்கள்', திருப்பினால் 'பெண்கள்'. இரண்டாம் நாளே எந்தப் புண்ணியவானோ பலகையைத் திருப்பிவிட்டான். மதிய இடைவேளை முழுக்க ஆறு ஆசிரியர்கள் மரியாதையாக வெளியே வரிசையில் நின்றார்கள். உள்ளே யாருமே இல்லை. கடைசியில் லத்தீன் ஆசிரியர் கஸிமிர் பொறுக்க முடியாமல் மடத்தை நோக்கி ஓடினார். சிஸ்டர் கதவைத் திறக்கவே இல்லை.

பலகை வேண்டாம், உள்ளே போகும்போது மிஸ் ஒரு கைமணியை அடிக்கட்டும் என்றார் ஃபாதர். அவள் அடித்தாள். பள்ளி முடிந்துவிட்டது என்று எண்ணி முந்நூறு பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். அவர்களைத் திரும்பப் பிடித்து உட்கார வைப்பதற்குள் பொழுது போய்விட்டது.

ஆண் ஆசிரியர்கள் கூடிப் பேசி முறையிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஃபாதர் தம் அலுவலகத்தை ஒட்டிய சொந்தக் கழிப்பறையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தார். இருந்தது ஒரே சாவி. அது அவர் மேசை இழுப்பறையில். ஒவ்வொரு முறையும் அவள் போய்க் கேட்க வேண்டும். எதிரே எந்தப் பையனின் அப்பா உட்கார்ந்திருந்தாலும் ஃபாதர் கண்ணாடியை இறக்கி, "எதுக்கு மிஸ் சாவி?" என்பார்.

ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு வாங்கிய சாவியைத் திருப்பிக் கொடுக்காமல் நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"இனிமே உங்களுக்கு வேணும்னா நீங்க வந்து கேளுங்க, ஃபாதர். நான் எதுக்குன்னு கேக்க மாட்டேன்."

ஜூலையோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது என்பதை அவர் மெல்ல நினைவூட்டினார்.

"அப்ப ஜூலை வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் மருந்தும் வீட்டு வாடகையும் அந்தச் சம்பளத்தில்தான் ஓடின. ஆனாலும் காலையில் சாவி கழுத்தில்தான் தொங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை, புதிய ஆய்வுக்கூடத்தை ஆசீர்வதித்து மந்திரிக்கப் பக்கத்துத் தீவிலிருந்து, பள்ளிக்கு மேலதிகாரியான ஆயர் வந்தார். வெயில் கொளுத்தியது. பையன்கள் அன்போடு சீவிச் சீவிக் கொடுத்த இளநீரை அவர் மறுக்காமல் குடித்தார். சற்று நேரத்தில் ஓடிலின் வகுப்பு வாசலில் ஃபாதர் வந்து நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. ஆசிரியர் கழிப்பறையில் காலையிலிருந்து தண்ணீர் வரவில்லையாம்.

"சாவியக் குடுங்க மிஸ். ஆண்டகைக்கு அவசரம்."

ஓடில் சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"மடம் எதிர்லதானே இருக்கு, ஃபாதர். பார்த்துக் கடக்கச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை வண்டி ஜாஸ்தி."

வாதாட ஆயரிடம் நேரமில்லை. முழு அங்கியோடு அவர் சாலையில் இறங்கியதைப் பள்ளியே மாடியிலிருந்து பார்த்தது. மினிபஸ்கள் நின்றன. ஓட்டுநர்கள் இறங்கி வந்து ஆசி கேட்டார்கள். ஒருவர் தம் புதுவண்டியையும் மந்திரிக்கச் சொன்னார். எல்லாம் முடித்து வாசலுக்குப் போனால், சிஸ்டர் அவரிடம் முழங்கால் நலம் விசாரித்தார்.

ஆயர் திரும்பி வந்தபோது ஓடில் முற்றத்தில் காத்திருந்தாள். வேலை போய்விட்டது என்றே நினைத்தாள்; போனால் போகட்டும் என்றும் நினைத்தாள். மடத்து சிஸ்டர் எல்லாம் சொல்லியிருந்தார்; ஆயர் அவளையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்படி ஒரு நாளைக்கு எத்தன தடவ போய் வந்தே, மகளே?"

"ரெண்டு, மூணு தடவ, ஆண்டகை. மழை பெஞ்சாலும்."

அவர் ஃபாதர் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமையிலருந்து அந்த அறை பெண்களுக்கு. நீங்க மத்தவங்களோட வரிசையில நில்லுங்க. இந்தப் பொண்ணு ஜூலைக்கு அப்புறமும் இங்கதான் இருக்கணும்."

"ஆண்டகை, இந்தப் பள்ளியோட வரலாற்றுலயே…"

"வரலாறு திங்கக்கிழமை தொடங்கட்டும்."

திங்களன்று, எத்தனையோ வருடமாக அந்தப் பள்ளிக்கு வர்ணம் பூசிவரும் பெரியவர் பெலிக்ஸ் தூரிகையும் டப்பாவுமாக வந்தார். அந்தக் கழிப்பறைக் கதவிலிருந்த 'தலைமையாசிரியர்' என்ற எழுத்துகளைச் சுரண்ட ஆரம்பித்தார். ஓடில் பக்கத்திலேயே நின்றாள். பள்ளிக் கதவில் நிலையாக முதல்முறை எழுதப்போகும் சொல் அது. தெருவிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி எழுத வேண்டும் என்றாள்.

பெலிக்ஸ் சுரண்டிய இடத்தை ஊதித் துடைத்துவிட்டு, டப்பாவை மூடினார்.

"புதுசா எழுத வேண்டியதே இல்ல, மிஸ். ஃபாதர் வந்த வருஷம் என்னைப் பூசி மறைக்கச் சொன்ன 'பெண்கள்' அடியில அப்படியே இருக்கு."