லீலண்ட் வந்துகொண்டிருக்கிறார்

மே 14. சிறு பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டா வாங்கி வர அரை மணி நேரம் போதும் என்று நேற்று இதே நோட்டில் எழுதியிருந்தேன்.

ட்வைலா ஹார்கிஸின் நாட்குறிப்பு இப்படித்தான் தொடங்குகிறது. பாவம், இருபத்திரண்டு வயது. மாலை வகுப்பில் டீசல் இயந்திரம் பழகுகிறவள். எதையும் வரிசைப்படி செய்துவிட்டு, சரியாகத்தான் செய்தோமா என்று இரண்டு முறை யோசிப்பவள். மனிதகுலம் எழுப்பிய மதில்களிலெல்லாம் உயரமானது ஒரு கண்ணாடி அலமாரிக்கும் அதன் சாவிக்கும் நடுவில் நிற்பதுதான். அதை எழுப்பிய பெருமை டெக்சஸில், தூண்டில் புழு முதல் தோட்டா வரை விற்கும் அவளூர் மலிவுக் கடைக்கே உரியது. இது அவளுக்கு அதுவரை தெரியாது.

விஷயம் அவசரம். அப்பா வெர்ஜில் போன வாரம்தான் நிலக்கடலை விதைத்திருந்தார். காட்டுப்பன்றிகள் பட்டப்பகலிலேயே வந்து, சால் தவறாமல் விதையைத் தோண்டித் தின்றுகொண்டிருந்தன. மறுபடி விதைக்க வீட்டில் ஒரு பருப்பு கிடையாது. துப்பாக்கி இருந்தது, தோட்டா இல்லை. அடுத்த கடை அறுபது மைல்.

இந்தக் கடையிலோ பூட்டிய அலமாரி நிறையத் தோட்டா. ஒரு டப்பாகூடக் குறையாத அடுக்கு. அதைப் பார்த்ததுமே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்கத்தில் ஊழியரை அழைக்க வைத்திருந்த பொத்தானை அழுத்தினாள்.

“உதவி வந்துகொண்டிருக்கிறது,” என்றது கூரையிலிருந்து ஒரு தேன்குரல்.

‘வந்துகொண்டிருக்கிறது’ என்றுதான் சொன்னது. ‘வந்து சேரும்’ என்று சொல்லவில்லை. பொய் பேசாத நிறுவனம்.

இருபது நிமிடம் கழித்து, தூண்டில் பிரிவில் புழு டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்த மார்வெட்டாவிடம் போனாள்.

“அக்கா, அந்த அலமாரியைக் கொஞ்சம் தொறந்து விடுறீங்களா?”

“சாவி லீலண்ட்கிட்டதான் கண்ணு. இதோ வந்துடுவாரு.”

“எங்க இருக்காரு?”

“வர்ற வழியில.”

“எந்த வழியில?”

“அதெல்லாம் எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் புழு செக்‌ஷன்.”

ட்வைலா தன்மேலேயே சந்தேகப்பட்டாள். பொத்தானைச் சரியாக அழுத்தவில்லையோ? மெதுவாக ஒரு தடவை, ஊன்றி ஒரு தடவை என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முறைவைத்து அழுத்தினாள். தேன்குரலும் சளைக்கவில்லை.

போன் அடித்தது. அப்பாவின் குரலுக்குப் பின்னால் தகரம் தட்டும் சத்தம்.

“எங்க புள்ள இருக்க? எட்டு சாலு காலி! நான் தகரத்தைத் தட்டத் தட்ட, அதுங்க கச்சேரி கேக்குற மாதிரி தலையை ஆட்டிக்கிட்டுத் தின்னுதுங்க!”

“லீலண்ட் வந்துட்டே இருக்காருப்பா.”

“அவன் வந்து என்ன, கடலை உரிக்கவா? நீ வா!”

மலிவுக் கடையில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பவரை ஊழியர் என்று நம்புவது ஊர் வழக்கம். ஒருவர் கூடார முளை கேட்டார், எடுத்துக் கொடுத்தாள். இன்னொருவர் மிதிவண்டிப் பம்பு எங்கே என்றார், காட்டினாள். மூன்றாம் மணி நேரத்தில் மேலாளர் க்ளிஃப்டனே வந்துவிட்டார்.

“பேட்ஜ் எங்கம்மா?”

“நான் இங்க வேலை பாக்கலைங்க சார். தோட்டா வாங்க வந்தேன்.”

“வேலை பாக்காமலா ஒம்போது பேருக்கு உதவி செஞ்சிருக்க? இந்த செக்‌ஷன்ல ஒரு வருஷத்துக்கே அவ்வளவு நடக்காதே!” க்ளிஃப்டனின் கண் கலங்கியது. “நாளைக்கே சேந்துடு.”

“சேந்தா அலமாரியைத் தொறக்கலாமா?”

“அதுக்கு லீலண்ட் வரணும்.”

மறுபடி போன். இம்முறை தகரச் சத்தம் இல்லை.

“மெதுவாவே வாம்மா,” என்றார் அப்பா. “கடைசி சாலும் முடிஞ்சுது.”

யாரையும் காக்க வைக்காமல், பாதியில் விட்டுப் போகாமல், எடுத்த வேலையை அன்றே முடித்தவை அந்த வட்டாரத்தில் பன்றிகள் மட்டும்தான். இந்த வருஷம் களை எடுக்கவும் அறுவடை செய்யவும் எதுவும் இல்லை. அதனால் ட்வைலா க்ளிஃப்டன் நீட்டிய தாளை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். விதிமுறைகளை அவர் காதோடு காதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து அன்றைய நாட்குறிப்பை அவள் இப்படி எழுதி முடித்தாள்:

நாளைய வேலை: எட்டு மணிக்குக் கடையில் இருக்க வேண்டும். அலமாரிக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். யாராவது பொத்தானை அழுத்தினால், லீலண்ட் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்ல வேண்டும். லீலண்ட் போன நவம்பரிலேயே வேலையை விட்டுப் போய்விட்டதைச் சொல்லக் கூடாது.