எந்த ஓம்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஓம்' என்ற சொல்லை நம்பாத ஒரே மனிதர் எங்கள் ஓம் சேர்தான். அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. அது புத்தக அட்டையிலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் அழைப்பிதழ்களிலும் மட்டுமே பாவனையில் உள்ளது. பெரிய சமூகவியல் பேராசிரியர். எங்கெங்கோ இருக்கும் மாணவர்கள் அவர் எழுதியதைப் படித்துத்தான் பாஸாகிறார்கள். எங்கள் ஒழுங்கைக்கு வரும் தபால்காரருக்கோ 'ஓம் சேர் வீடு' என்றால்தான் விளங்கும்.

அந்தப் புகழுக்கு அடிகோலியவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, என் வேலையின் தரம் அப்படி. படிப்பு முடிந்து, வேறு எவரும் என்னை எடுக்காத காலத்தில் அவர் உதவியாளராக எடுத்தார். அச்சுவேலிப் பக்கம் ஒரு கட்டுப் படிவத்துடன் அனுப்பினார். வீடு வீடாகக் கேள்வி கேட்டு, ஓம் அல்லது இல்லை என்று எழுத வேண்டும். பின்னேரம் கொண்டுவந்து கொடுத்தேன். முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்விவரை, எல்லா வீட்டிலும் ஓம்.

"ஐசே, உந்தப் படிவங்களை எந்தத் தேத்தண்ணிக் கடையிலை இருந்து நிரப்பினனீர்?"

"சத்தியமா வீடு வீடாப் போனனான் சேர்."

நம்பவில்லை. அடுத்த நாள் என் மோட்டார் சைக்கிளில் ஏறி அவரே வந்தார். வெங்காயத் தோட்டத்தில் நின்ற ஐயா ஒருவரிடம், "முந்தியைவிட இப்ப சீவியம் சுகமோ?" என்று கேட்டார்.

"ஓம் ஓம்."

"இல்லாட்டி முந்தித்தான் சுகமோ?"

"ஓம், அதெண்டா உண்மை."

"நான் கேக்கிறது உங்களுக்குக் கரைச்சலோ, தொந்தரவோ?"

"ஓம். சீச்சீ, இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

சேர் அப்படியே வரம்பில் குந்திவிட்டார். அடுத்த பத்து வருடம் எழும்பவில்லை என்றே சொல்லலாம். ஓம்களைச் சேர்க்கத் தொடங்கினார். 'கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்' ஓம். 'நீர் போனால் நல்லம்' ஓம். 'பாவம், முகம் வாடப்போகுது' ஓம். உத்தியோகத்தரைக் கண்டதும் வாயிலிருந்து தானாக விழும் ஓம். உண்மையான சம்மதம் என்று பொருள்படும் ஓமைத் தன் வாழ்நாளில் இரண்டு தரம்தான் கேட்டதாகச் சொல்வார். அதில் ஒன்று, பல் பிடுங்குகிற இடத்தில் அவரே சொன்னது.

வீட்டிலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. அவர் மனைவி மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ரீச்சர். "சேர்ச்சுக்கு வெளிக்கிட்டாச்சோ?" என்று சேர் கேட்பார். ரீச்சர் "ஓம்" என்றால், "எந்த ஓம்?" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும்வரை இந்தக் கதை நீண்டதாம். அன்றிலிருந்து ரீச்சர் தலையை மட்டும்தான் ஆட்டுகிறார். சேர் அதைக் குறித்துவைக்கவும் ஒரு கொப்பி வாங்கினார்.

சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்குப் போன வருடம் சிரிப்பு நின்றது. காங்கேசன்துறைப் பக்கத்தில் ஒரு மீன்பிடிக் கிராமம். படகு ஏற்றி வலை காயவிடும் மணலில் ஹோட்டல் கட்டவென்று ஒரு கொம்பனி வந்தது. அவர்களுடைய ஆள் ஒருவர் வீடு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்டு எழுதினார். எல்லாரும் ஓம். பிறகு, இரண்டு படகு வைத்திருக்கும் பவளக்கா சேரிடம் ஓடிவந்தார்.

"சேர், அந்த மண் போச்செண்டா நாங்கள் கடலுக்குள்ளைதான் குடியிருக்கவேணும்."

"பிறகேன் ஓம் எண்டனீங்கள்?"

"வெள்ளைச் சேட்டுப் போட்ட பிள்ளை, வெய்யிலுக்கை நிண்டு கேக்குது. முகத்திலை அடிச்சமாதிரி மாட்டன் எண்டு சொல்லேலுமே?"

வாசிகசாலையில் கூட்டம். நடுவில் அரச அதிகாரி. அவர் கையெழுத்து வைத்தால் மணல் போய்விடும். வெள்ளைச் சேட்டுக் கொம்பனிக்காரர் படிவக் கட்டை மேசையில் வைத்தார். பவளக்கா உட்பட எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். சேர் எழும்பினார். நீண்ட பேச்சு வரப்போகிறது என்று நான் சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"தம்பி," என்றார் கொம்பனிக்காரரிடம், "நாளைக்கு மத்தியானம் எங்கடை வீட்டை சாப்பிட வாருங்கோவன்."

"ஓம் சேர், கட்டாயம்."

சேர் என் பக்கம் திரும்பினார். "எழுதும் ஐசே. தம்பி ஓம் எண்டிட்டார். பன்னிரண்டு மணி. தம்பி, நண்டு சாப்பிடுவியளோ?"

"ஓம் சேர்."

"கணவாய்?"

"ஓம்..."

"அப்ப இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ."

கொம்பனிக்காரர் சேர் நீட்டிய பேனையைப் பார்த்தார். "சேர், நாளைக்கு நான் கொழும்பிலை நிக்கவேணும். சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னனான்."

"உந்தச் சனமும் அப்பிடித்தான் சொன்னது."

தகரக் கூரை அதிர்ந்தது. அதிகாரியும் சிரித்துவிட்டு, தான் அதிகாரி என்பது நினைவுக்கு வந்து இருமினார். சிரிப்பு அடங்குவதற்கு முதல் சேர் பவளக்காவைக் கேட்டார்:

"பிள்ளை, இனி வலையளை எங்கை காயப்போடுவியள்?"

அந்தக் கேள்விக்கு ஓம் என்று பதில் சொல்ல வழியில்லை. பவளக்கா எழும்பி நின்றார்.

"அங்கைதான். நாங்கள் அந்த மண்ணைக் குடுக்கமாட்டம்."

பின்வரிசையில் இன்னொரு மாட்டம். அதன்பிறகு எண்ண முடியவில்லை. அதிகாரி பேனையை மூடி, படிவக் கட்டைத் திருப்பித் தள்ளினார். மணல் இன்றும் அங்கேயே, அதே வலை நாற்றத்துடன் கிடக்கிறது.

திரும்பி வரும்போது சேர் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தார்.

"பயந்துபோனன் ஐசே."

"கொம்பனிக்கோ சேர்?"

"அவன் உண்மையாவே சாப்பிட வந்திருந்தால்? ரீச்சரிட்டைச் சொல்லேல்லை. வீட்டிலை ஒரு முட்டைகூட இல்லை." கொஞ்சத் தூரம் போனபின், குரலைத் தணித்து, "அந்தச் சனம் அதுக்குப் பிறகும் ஓம் எண்டிருந்தால் நான் என்ன செய்திருப்பன்?" என்றார்.

என் சேட்டின் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். புதிதாகத் தார் போட்ட காப்பெற் றோட்டு. ஒரு பள்ளம் கிடையாது. ஆனாலும் அன்று சைக்கிள்காரர்களெல்லாம் என்னை முந்திக்கொண்டு போனார்கள்.