டிரெயின் நின்ற ஞாயிறு

தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவதும்தான், யோசிப்பதும்தான். எனக்கு முதலாவது மட்டுமே வாய்த்திருக்கிறது என்பது என் மனைவி கிருபையின் கருத்து. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் போல்ட், நட்டு, வாஷர் என்று எண்ணி எண்ணியே ஓய்வு பெற்றவன் நான். தட்டில் விழும் இட்லியை எண்ணுவேன். கவரைப்பேட்டை ஸ்டேஷனில் நின்றால் கடந்து போகும் சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணுவேன். (ஒரு பெட்டி விட்டுப்போனாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.) இப்படி எண்ணுகிறவனுக்கு இயந்திரம் பழுது பார்க்கவும் வரும் என்று நான் நம்பியிருந்தேன். ஒரு டிசம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை அந்த நம்பிக்கை தண்ணீரோடு போனது.

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில், துவைத்த தண்ணீரை வெளியே தள்ளுகிற சின்ன பம்ப் சில வாரங்களாகவே முனகிக்கொண்டிருந்தது. தேய்ந்துவிட்டது என்று கண்டுபிடித்தேன். புதிய பம்ப்பும் வரவழைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். மாட்டத்தான் இல்லை. பழையது இன்னும் எத்தனை துணி தாங்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அது நின்றுபோகத் தேர்ந்தெடுத்த நாள், எங்கள் ஆலயத்தில் கிறிஸ்துமஸ் கீத ஆராதனை நடக்கவிருந்த நாள். மாலை ஆறு மணிக்கு ஆராதனை. கிருபை பாடகர் குழுவுக்குத் தலைவியான முதல் வருடம் அது. பன்னிரண்டு வெள்ளை அங்கிகளுக்கும் அவளே உட்கார்ந்து சிவப்பு சாட்டின் காலர் தைத்திருந்தாள். தைத்த அழுக்குப் போக ஒரே ஒரு அலசல் போதும் என்று காலை ஆராதனை முடிந்து வந்ததும் மெஷினில் போட்டாள். வெளியே விடாத தூறல். கையால் பிழிந்தால் காயாது, மெஷினில் சுற்றி எடுத்தால்தான் இஸ்திரி போட முடியும் என்பது அவள் திட்டம். எல்லாம் சரியான திட்டம்தான். நான் அதில் இல்லாமல் இருந்திருக்க வேண்டும்.

"ஏங்க, தண்ணி எறங்கலியே?"

"எறங்கும்."

"இன்னா எறங்கும்? மிஷினு உம்முனு குந்திக்கினு கீது. கதவும் தெறக்கல. சாட்டின் துணி, ரொம்ப ஊறுனா சாயம் போயிடும்ங்க. மெக்கானிக்க கூப்புடுங்க."

"ஞாயித்துக்கெழம எவன் வருவான்? நாலஞ்சு ஸ்க்ரூ. நான் வீடியோ பாத்து வெச்சிருக்கேன்."

"நீங்க வீடியோ பாத்து செஞ்ச பிரியாணிய நாய் மோந்து பாத்துட்டு போச்சு."

அந்த நாய்க்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

மெஷினின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அடிப்பலகையைக் கழற்றினேன். திருகாணிகள் தொலையாமலிருக்க ஸ்டோர்ஸ்காரன் மூளை ஓர் ஏற்பாடு செய்தது. சமையலறையிலிருந்து இட்லித் தட்டை எடுத்துவந்து, ஒரு குழிக்கு ஒரு திருகாணி என்று வைத்தேன். வைத்துவிட்டு எண்ணினேன். எண்ணிவிட்டு, சரிபார்க்க மறுபடியும் எண்ணினேன். இதற்குள் அங்கிகள் உள்ளே ஊறிக்கொண்டிருந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

"மொதல்ல அந்த தண்ணிய ஒரு பக்கெட்ல புடிச்சுடலாமா?" என்றாள் கிருபை.

"தண்ணிய வெளிய தள்றது பம்ப்போட வேல. பம்ப்ப மாத்தாம தண்ணி எப்படிப் போவும்?" என்றேன். (இந்தக் கேள்வியைப் பல முறை திருப்பிப் பார்த்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் தெரிகிறது.) வீடியோக்காரர் 'முதலில் தண்ணீரை வடித்துவிடுங்கள்' என்று சொன்ன இடத்தில் எனக்கு ஒரு மசாலா விளம்பரம் குறுக்கிட்டிருந்தது. விளம்பரத்தைத் தள்ளிவிடப்போய் அந்த வாக்கியத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டிருக்கிறேன்.

நான்கு மணிக்கு ஆலயத்தில் கடைசி ஒத்திகை. அங்கியில்லாமல் கிருபை எப்படிக் கிளம்புவாள்? "குரூப்புல ஒரு மெசேஜ் போடுங்க, லேட்டாவும்னு" என்று தன் போனை என்னிடம் கொடுத்தாள். இதை நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் பிழைத்திருப்பேன். நல்ல தமிழில் எழுதினேன்.

"டிரெயின் பழுது. தண்ணீர் வெளியேறாமல் நிற்கிறது. சரிசெய்யும் பணி நடக்கிறது. ஒத்திகைக்குத் தாமதமாகலாம். மன்னிக்கவும்."

தமிழில் டிரெயின் என்று எழுதினால், அது தண்ணீரை வடிப்பதா, தண்டவாளத்தில் ஓடுவதா என்று யாருக்கும் தெரியாது. பாடகர்களில் பாதிக்கு மேல் ஆரம்பாக்கத்திலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் ரயிலில் வருகிறவர்கள் என்பதும், வெளியே மழை என்பதும் எனக்குத் தெரியாததல்ல. இரண்டையும் ஒன்றாக வைத்து எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டாவது பொருளில்.

பம்ப்பைப் பிடித்திருந்த கடைசித் திருகாணியையும் இட்லித் தட்டில் வைத்துவிட்டு, பம்ப்பை மெதுவாகத் திருகி இழுத்தேன்.

வந்தது பம்ப் அல்ல, தண்ணீர். ஒரு மெஷினுக்குள் அவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. மடியில் அடித்து, முழங்காலைச் சுற்றி, கூடத்துக்குப் போனது. கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்காகப் பரப்பியிருந்த மணலையும் வைக்கோலையும் எடுத்துக்கொண்டது. ஒட்டகத்தைக் கவிழ்த்து ஒரு காலை உடைத்தது. இட்லித் தட்டு மிதந்து, ஒரு பக்கம் சாய்ந்து, என் திருகாணிகளை எல்லாம் கொட்டிவிட்டு நிம்மதியாகக் கரை ஒதுங்கியது. இத்தனைக்கும் நடுவில் நான் கவனித்தது ஒன்றைத்தான். தண்ணீர் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது.

கிருபை நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். தண்ணீர் போய்விட்டதால் கதவு இப்போது திறந்தது. ஓர் அங்கியை வெளியே இழுத்துப் பிரித்துப் பார்த்தாள். ரோஜா நிறம். அடுத்தது. அதுவும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் திட்டவில்லை. நான் பயந்தது அதற்குத்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கறிக்கோழிக் கூண்டுகள் ஏற்றுகிற வண்டி. காலிக் கூண்டுகளுக்கு நடுவிலிருந்து, வழியில் ஏறிக்கொண்ட உள்ளூர்க்காரர்களோடு சேர்த்து, அங்கி வாங்க வந்த பாடகர் குழு ஒவ்வொருவராக இறங்கியது. முன்னால் வந்தது ஆரம்பாக்கம் ஸ்டெல்லா. தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறவள், குழுவில் கீழ்ஸ்தாயி பாடுகிறவள், பேச்சில் மட்டும் மேல்ஸ்தாயி. அவள் தலையில் இரண்டு வெள்ளை இறகுகள் ஒட்டியிருந்தன.

"மாமா! இன்னா மாமா இது? டிரெயினு ரிப்பேரு, தண்ணி நிக்குதுன்னு போட்டுக்கினீங்க. பஸ்ஸுல எடம் இல்ல. கோழி வண்டிக்காரர் கால்ல வியாத கொறையா ஏறி வர்றோம். நாங்க ரோட்ல வர சொல்லோ பக்கத்துலயே ஓடுது மாமா டிரெயினு! காலியா ஓடுது! ஜன்னல்லேர்ந்து ஒருத்தன் எங்களுக்கு டாட்டா காட்டறான்!"

நான் தண்ணீரில் உட்கார்ந்தபடியே பழைய பம்ப்பைத் தூக்கிக் காட்டினேன். "நான் சொன்னது இந்த டிரெயின்மா."

எல்லோரும் பம்ப்பைப் பார்த்தார்கள். பிறகு பின்னால் யாரோ சிரித்தார்கள். கோழி வண்டிக்காரர் என்று நினைக்கிறேன்.

ஸ்டெல்லா கிருபையைப் பார்த்தாள். மடியிலிருந்த அங்கியைப் பார்த்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. அங்கியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அக்கா, அழுவாத. இத்த பாரு. ஒரு திட்டு கீதா? பன்னெண்டும் ஒரே மாதிரி. கடையில குடுத்து சாயம் முக்குனா கூட இப்டி வராது. சோப்பு போவ அலசுனா போதும். மாமா, நீங்க அந்த பேஜாரு புடிச்ச மிஷின மாட்டுங்க. சுத்தி எடுத்துட்டா காஞ்சுடும். முடியுமா?"

முடியும் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சின்னக் குரலில் நான் எதையும் சொன்னதில்லை.

அவர்கள் பின்கட்டுக் குழாயடிக்குப் போனார்கள். நான் கூடத்தில் தவழ்ந்து திருகாணிகளைப் பொறுக்கினேன். பழைய பம்ப்பை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். உள்ளே சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிய ஒரு விசிறி, அவ்வளவுதான். இதழெல்லாம் மழுங்கி, அச்சில் ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக எங்கள் வீட்டு அழுக்கையெல்லாம் இந்தத் துக்கடாதான் வெளியே தள்ளியிருக்கிறது. கூடத்தில் பரந்து கிடந்த தண்ணீரைப் பார்த்தேன், கையிலிருந்ததைப் பார்த்தேன். ஏனோ அதைத் தரையில் வைக்க மனம் வராமல் விசிறியை மட்டும் உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

புதியதை வைத்துத் திருகும்போதுதான் பின்கட்டில் பாட்டு ஆரம்பித்தது. ஒத்திகைக்கு வேறு நேரம் இல்லையே. ஒரு அங்கிக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு முனை, தாளத்துக்குத் தாளம் முறுக்கல். நான்கு குரல்கள் நான்கு வழியில் கிளம்பி, முறுக்கும் இடத்தில் ஒன்றாக வந்து சேர்ந்தன. கிருபை கையைத் தூக்கி நடத்துவது கதவு வழியே தெரிந்தது. அவள் கையிலிருந்து ரோஜா நிறத் தண்ணீர் சொட்டியது. இத்தனை வருடம் அவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஈரத்தில் உட்கார்ந்து கலங்கியவள் அதே ஈரத்தில் நின்றபடி பதினொரு பேரைப் பாடவைக்கிறாள் என்றால், இவள் யார் என்று நான் விசாரிக்கவே இல்லை என்று தோன்றியது. ஸ்க்ரூடிரைவர் என் கையில் அப்படியே நின்றது.

"மாமா, பாட்டு அப்பால கேக்கலாம். ஸ்க்ரூவ திருவுங்க!" என்று ஸ்டெல்லா கத்தினாள்.

திருகினேன். அங்கிகளைத் திரும்பப் போட்டு, சுற்றவிட்டு, எல்லோரும் மெஷின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அடியில் ஒரு சின்ன உறுமல். அதன்பின் கொல்லையில் குழாய் முனையிலிருந்து களகளவென்று தண்ணீர் பாய்ந்தது. பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். கோழி வண்டிக்காரர் விசிலடித்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை வெளியேற்ற எந்தப் பம்ப்பும் இல்லை. கையில் ஒரு திருகாணி மிச்சம் இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

இஸ்திரிச் சூடு ஆறாத ரோஜா அங்கிகளோடு குழு ஆலயத்துக்குள் நுழைந்தபோது சபையே திரும்பிப் பார்த்தது. கிருபையின் முகம் வெளுத்திருந்தது. ஆயர் அவளை உற்றுப் பார்த்தார். மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னால வர்ற நாலு அட்வென்ட் ஞாயிறுல இன்னிக்கு மூணாவது. இந்த ஞாயிறுக்கு ரோஜா நிறம்தான் பழைய மரபு. இங்க யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். எப்படிம்மா யோசிச்சீங்க?"

கிருபை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அவருதான் ஐயா யோசிச்சாரு" என்றாள். ஸ்டெல்லாவுக்கு இருமல் வந்துவிட்டது.

பிறகு அவர்கள் பாடினார்கள். பாடகர்கள் தலையில் ஆங்காங்கே இன்னும் இறகு ஒட்டியிருந்தது. நான் கடைசி வரிசையில் ஈர வேட்டியோடு நின்றேன். மழை நின்றது எப்போது என்று தெரியாது, மெழுகுவர்த்தி ஏற்றியது எப்போது என்று தெரியாது. ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன் என்று சொல்கிறார்கள்.

எங்கள் ஆலயத்தில் இன்றும் ரோஜா நிற அங்கிதான். வெளுத்தால் சாயம் முக்க என்னிடம் கொடுக்கலாம் என்று ஸ்டெல்லா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். மெஷின் தண்ணீரை வெளியே விடும் சத்தம் கேட்டால், வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்கூட "டிரெயின் கிளம்பிடுச்சு மாமா" என்கிறார்கள். நானும் ஒவ்வொரு முறையும் எழுந்து போய், அந்தச் சின்ன விசிறி தன் வேலையைச் செய்வதைக் கேட்டுவிட்டு வருகிறேன். மிச்சமான திருகாணியைக் கிருபை கண்டுபிடித்துவிட்டாள். அது இப்போது குடிலில் ஒட்டகத்தின் உடைந்த காலுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது.

ஆனால் அவள் உண்மையான ஆயுதம் வேறு. நான் எதையாவது எண்ணி முடித்துப் பெருமையாக நிமிரும்போதெல்லாம் சாவகாசமாகக் கேட்பாள்:

"அதெல்லாம் சரிங்க. அன்னிக்கு நாங்க எத்தினி பாட்டு பாடுனோம்?"

எனக்குத் தெரியாது. எண்ணவில்லை.