ஆடாத போட்டு

மீன்பிடி போட்டு வாங்கும் விஷயத்தில் மட்டுமாவது இந்த வீட்டில் ஆம்பளை சொல்வதுதான் சட்டம் என்று ஜெயவேல் முடிவெடுத்தான். முடிவெடுத்த இடம் குளியலறை. வெளியே பெண்டாட்டி கன்னியம்மா துணி அலசிக்கொண்டிருந்ததால் முடிவைச் சத்தமாக எடுக்க முடியவில்லை.

நியாயமான முடிவுதான். கடலுக்குப் போகிறவன் அவன். ஆனால் அவன் பிடிக்கிற மீனைக் காசிமேட்டில் கூவி விற்று வீட்டை ஓட்டுகிறவள் கன்னியம்மா. வாங்கப்போகிற போட்டும் ரெண்டு பேர் பேரில்தான். அவள் தலையாட்டாமல் ஆணிகூட வாங்க முடியாது.

பழைய போட்டு இற்றுப்போய்விட்டது. தூரக் கடலில் நின்று தூண்டிலில் வஞ்சிரம் பிடிக்கப் புதுசு வேண்டும். மொஹ்சின் பாயின் பட்டறையில் ரெண்டு ரகம் தயாராக இருந்தது. ஒன்று ஒத்தை அடி. அடிப்பக்கம் ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி கூராக இருக்கும். ஓடும்போது அலையை வாழைத்தண்டு மாதிரி பிளந்துகொண்டு போகும். நின்றால் தொட்டில். இன்னொன்று ரெட்டை அடி. ஒல்லியாக ரெண்டு உடம்பு, நடுவில் அகலமாக ஒரு தளம், பின்னால் உடம்புக்கு ஒன்றாக ரெண்டு இன்ஜின். நின்றால் கட்டில்.

ஜெயவேலுக்கு வேண்டியது கட்டில்.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, தோஸ்து சிலுவைமுத்துவைத் தவிர. திருவொற்றியூரில் ஜெயவேல் வீட்டு வாசலை ஒட்டி எண்ணூர் நெடுஞ்சாலை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரியெல்லாம் அவன் தலைமாட்டில் வந்துதான் ஹாரன் அடிக்கும். லாரி ஓய்ந்தால் மிக்சி. மிக்சி ஓய்ந்தால் கன்னியம்மா. கல்யாணமான நாளிலிருந்து அவன் கண்ணை முழுசாக மூடியதில்லை. கடலில், நிழலில், ஆடாத தளத்தில் காலை நீட்டி ஒரு தூக்கம். அவ்வளவுதான் அவன் வாழ்க்கை லட்சியம். தூண்டிலை சிலுவைமுத்து பார்த்துக்கொள்வான்.

சோறு போடும் நேரம் பார்த்துப் பேச்சை எடுத்தான்.

“இன்னாமே, ரெட்டை அடியே வாங்கிடலாம்னு கீறேன்.”

“இன்னாத்துக்கு?”

“அதான் இப்போ புதுசு. கேட்டமரான்னு பேரு.”

“கட்டுமரமா?”

“கட்டுமரம் இல்லமே, கேட்டமரான்.”

“எங்கப்பன் அந்தக் காலத்துலயே மூணு மரத்தைக் கட்டிப் போனாரு. வெள்ளைக்காரன் பேரை இஸ்துகினு போயி, மரத்தையும் உட்டுட்டு, ரெண்டு போட்டை ஒட்டி நமக்கே விக்கிறானா? ஒத்தை அடி வாங்குய்யா. வெரசா போயி வெரசா வரலாம். மீனு நாறாம ஏலத்துக்கு வரும். ஒரு இன்ஜின்னா எண்ணெயும் ஒரு வாயி குடிக்கும்.”

மூன்று காரணம் சொன்னாள். மூன்றும் சரி. அதுதான் ஜெயவேலுக்கு எரிச்சல்.

“ரெட்டை அடின்னா ஒரு இன்ஜின் செத்தாலும் இன்னொன்னு கீது. உசுருக்குப் பாதுகாப்பு.”

“உசுரு மேல இன்னா திடீர்னு ஆசை? நேத்து வரைக்கும் லைஃப் ஜாக்கெட்டை மடிச்சி தலைக்கு வச்சிகினு படுத்திருந்தே.”

ஜெயவேல் ரசத்தைக் குடித்தான். பேச்சில் இவளை ஜெயிக்க முடியாது. கடலில்தான் ஜெயிக்க வேண்டும்.

திட்டம் இதுதான். ரெண்டு போட்டையும் ஒருதரம் கடலில் ஓட்டிப் பார்க்கலாம் என்று மொஹ்சின் பாயே சொல்லியிருந்தார். கன்னியம்மாவையும் கூட்டிப் போவது. ஒத்தை அடியை நடுக்கடலில் இன்ஜினை அணைத்து, அலைக்கு விலா காட்டி நிறுத்துவது. போட்டு உருளும். கன்னியம்மா வாந்தி எடுப்பாள். எடுத்த வாயாலேயே “ரெட்டை அடி” என்பாள்.

“மாமு, பாவம்டா அது” என்றான் சிலுவைமுத்து.

“நான் பாவம் இல்லியாடா? என் கண்ணைப் பாரு. குழம்புல வெந்த மீனு கண்ணு மாதிரி கீது. நான் ஜாடை காட்டுவேன், நீ அணைச்சுடு.”

சிலுவைமுத்து தலையாட்டினான். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் தலையாட்டுவான், அப்புறம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் பெண்டாட்டியிடம் சொல்லுவான். அவன் பெண்டாட்டியும் கன்னியம்மாவும் காசிமேட்டில் பக்கத்துப் பக்கத்து மீன் கூடை. ஜெயவேல் இதையெல்லாம் யோசித்திருக்க வேண்டும். தூக்கம் இல்லாதவனுக்கு யோசனை எங்கிருந்து வரும்?

ஞாயிற்றுக்கிழமை ஒத்தை அடி கிளம்பியது. கன்னியம்மா மூன்று அடுக்கு டிபன் கேரியரோடு வந்து, முன்பக்கம் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் முகம் எப்போது பச்சையாகும் என்று பார்க்க ஜெயவேல் போகிற திசைக்கு முதுகைக் காட்டி, அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். துறைமுகத்தின் அலைதடுப்புக் கல்லைத் தாண்டி, கப்பலெல்லாம் வரிசையாக நங்கூரம் போட்டிருக்கும் இடத்தில் ஜாடை காட்டினான். இன்ஜின் அணைந்தது.

போட்டு உருண்டது. இந்தப் பக்கம் வானம், அந்தப் பக்கம் தண்ணீர். மறுபடி வானம், மறுபடி தண்ணீர்.

கன்னியம்மா கேரியரைத் திறந்தாள். பழைய சோறு. நெத்திலிக் கருவாடு. பெட்ரோல் வாசனையும் கருவாட்டு வாசனையும் கைகோத்துக்கொண்டு நேராக ஜெயவேல் மூக்குக்குள் நுழைந்தன.

“துன்றியாய்யா?”

“வேணாம்.”

“ஒரு வாயி.”

“வேணாம்ன்றேன்ல?”

“இன்னாய்யா உன் மூஞ்சி மாங்கா மாதிரி பச்சையா கீது?”

ஜெயவேல் துள்ளி எழுந்தான். ஓரத்துக்குப் பாய்ந்தான். பிறந்ததிலிருந்து கடலில் கிடப்பவன், அன்றைக்குக் காலையில் சாப்பிட்டதையும் முந்தின நாள் சாப்பிட்டதையும் வங்காள விரிகுடாவுக்குக் கொடுத்தான். கன்னியம்மா ஒரு கையால் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இன்னொரு கையால் கருவாட்டைக் கடித்தாள்.

அடுத்து ரெட்டை அடி. அதே இடம், அதே அலை. தளத்துக்கு அடியில் அலை வந்து டம் டம் என்று அறைந்ததே தவிர, ஆட்டம் இல்லை. கன்னியம்மா காலை நீட்டினாள். முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்தாள். சும்மா படுத்துப் பார்க்கிறாள் என்று நினைத்தார்கள். குறட்டை வந்தது.

கரைக்கு வந்துதான் எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “இத்தயே வாங்கிடுய்யா.”

ஜெயவேலுக்கு நம்ப முடியவில்லை. வாந்தி எடுத்தது அவன், பேச்சை மாற்றியது அவள். எப்படி நடந்தால் என்ன, ஜெயித்தாகிவிட்டது. சந்தோஷத்தில் மொஹ்சின் பாயைக் கட்டிப்பிடித்தான். தளத்துக்கு மேலே நிழலுக்கு ஒரு கூரை போடச் சொன்னான்.

“கூரை இன்னாத்துக்கு?” என்றாள் கன்னியம்மா.

“ஐஸ் பெட்டிக்கு. வெயில்ல உருகிடும்ல?”

“ஆமாமா. பாவம் ஐஸு.”

போட்டு வந்த அன்று அதற்குப் பூமாலை சாத்திச் சூடம் காட்டினார்கள். மொஹ்சின் பாய் ரெண்டு சாவியைக் கொடுத்தார். ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒன்று. கன்னியம்மா ஒன்றை எடுத்துச் சுருக்குப் பையில் போட்டு, பையை இடுப்பில் செருகினாள்.

“இன்னாமே இது?”

“போட்டு ரெண்டு பேர் பேர்லதானே? இடப்பக்கம் உன்னுது. வலப்பக்கம் என்னுது.”

வெற்றி மயக்கத்தில் இருந்தவனுக்கு அது பெரிதாகப் படவில்லை. ஒரு இன்ஜின் செத்தாலும் இன்னொன்று இருக்கிறது என்று சொன்னவனே அவன்தானே. போகட்டும், ஒரு இன்ஜினில் போய்க்கொள்ளலாம்.

மறுநாள் விடிந்ததும் அவனும் சிலுவைமுத்துவும் கிளம்பினார்கள். ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒரு தலகாணி ஒளிந்திருந்தது. இடப்பக்க இன்ஜின் நல்ல பிள்ளையாக உறுமியது. போட்டு வலப்பக்கம் திரும்பியது. நேராக்கினான். மறுபடி வலப்பக்கம் திரும்பியது. கைப்பிடியை ஒடித்துத் திருப்பினால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தது. கையை எடுத்தால் வட்டம் அடித்தது. மொத்தக் குப்பமும் கரைக்கு வந்து வேடிக்கை பார்த்தது.

“இன்னா ஜெயவேலு, மாவாட்டுறியா?” என்று ஒருத்தன் கத்தினான்.

“கிரைண்டர் புதுசு போல கீது!”

“ஜெயவேலண்ணே, எனக்கும் ரெண்டு கிலோ அரிசி போட்டுக்கோ!” இது சிலுவைமுத்துவின் பெண்டாட்டி.

தலை சுற்றிக் கரை ஒதுங்கினபோது கன்னியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள். கையில் டிபன் கேரியர். கூடையைத் தங்கச்சியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள்.

“நீ எங்கமே வர்றே?”

“என் இன்ஜின் போற எடத்துக்கு.”

“பொம்பளை கடலுக்கு வந்தா ஊரு இன்னா சொல்லும்?”

“நடுக்கடல்ல என்னை வாந்தியெடுக்க வைக்கப் பாத்தியே, அப்போ ஊரைக் கேட்டியா? அலைக்கு விலா காட்டி நிறுத்தச் சொன்னியாமே?”

ஜெயவேல் சிலுவைமுத்துவைப் பார்த்தான். சிலுவைமுத்து வானத்தில் போகாத விமானத்தைப் பார்த்தான்.

கன்னியம்மா ஏறினாள். நேராக ஐஸ் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டாள்.

“ஏன்யா, ஐஸு தலகாணி போட்டுத்தான் படுக்குமா?”

ஜெயவேல் ஐஸ் பெட்டியின் மூடியைச் சரிசெய்தான்.

“உனக்கு லாரி சத்தம்னா, அந்த லாரி எனக்கு மட்டும் தாலாட்டா பாடுது? நீ கடலுக்குப் போறதுக்கு முன்னாடி எழுந்து உனக்குச் சோறாக்குறேன். நீ திரும்புறதுக்கு முன்னாடி ஏலக் கூடத்துல நிக்கிறேன். நான் எப்போய்யா தூங்கினேன்?”

கேள்வி நியாயமாக இருந்தது. ஜெயவேல் தன் பக்கத்து இன்ஜினில் சாவியைப் போட்டான். அவள் சுருக்குப் பையை அவிழ்த்துச் சாவியை எடுத்துத் தன் பக்கத்து இன்ஜினில் போட்டாள். ரெண்டு இன்ஜினும் சேர்ந்து உறுமின. போட்டு நூல் பிடித்த மாதிரி நேராகக் கிழக்கே போனது. அவ்வளவு நேராகப் போகிற போட்டை அவன் ஆயுசில் ஓட்டியதில்லை. கோபப்படக்கூட அவனுக்கு மனசு வரவில்லை.

தூரக் கடலில் இன்ஜினை அணைத்தார்கள். காற்று இதமாக இருந்தது. கூரை நிழல், அவன் அளந்து போட்ட இடத்தில் அளவாக விழுந்தது. அந்த நிழலில், அந்தத் தலகாணியில், கன்னியம்மா காலை நீட்டிப் படுத்தாள். கண் மூடுவதற்குள் தூங்கிவிட்டாள். ஜெயவேல் தூண்டிலோடு வெயிலில் நின்றான். தூங்கும்போது அவள் அழகாகத்தான் இருக்கிறாள் என்று தோன்றியது. இதுவரை பார்த்ததில்லையே.

தூண்டில் நரம்பு விறுக்கென்று இழுத்தது. பிடித்தான். கை எரிய எரிய விட்டுப் பிடித்தான், இழுத்துப் பிடித்தான். மேலே வந்தது வஞ்சிரம். ஒரு ஆள் நீளம். அவன் வாழ்நாளிலேயே பெருசு. ஜெயவேல் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஓவென்று கத்த வாயைத் திறந்தான்.

சிலுவைமுத்து பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினான்.

ரெண்டு பேரும் சேர்ந்து மீனைத் தூக்கித் தளத்தில் போட்டார்கள். கன்னியம்மா கண்ணைத் திறக்கவில்லை. புரண்டு மட்டும் படுத்தாள்.

“மெதுவா போடுய்யா. போட்டு ஆடுது.”