பரணியின் பெட்டி இரண்டானது

"என்னங்க, இட்லித் தட்டைக் காணோம்!"

சமையலறையிலிருந்து குந்தவை குரல் கொடுத்தபோது, இட்லித் தட்டு பரணிதரனின் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. குழிக்கு ஒரு ரகமாகத் திருகாணிகள். பின்பலகைத் திருகாணி ஒரு குழியில், ஸ்பீக்கர் திருகாணி இன்னொரு குழியில். கூடத்தின் நடுவே அவனுடைய கிட்டார் ஆம்ப்ளிஃபயர் குடல் வெளியே தெரிய மல்லாந்து கிடந்தது.

"இங்கே இருக்கு. ஆனா இப்பத் தர முடியாது."

"மாவு பொங்கி மூடியைத் தள்ளுதுங்க."

"அதைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு."

நீடாமங்கலத்தில் ஓர் அரிசி மில்லின் அலுவலகத்தில் பரணிதரனுக்கு வேலை. விடுமுறை நாட்களில் கோவிந்தராசு நடத்தும் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பான். அவனுடைய ஆம்ப்ளிஃபயர் ஒரே பெட்டி. கீழே ஸ்பீக்கர், மேலே அதற்குச் சத்தம் கொடுக்கிற சாமான்கள். தூக்கினால் அரை மூட்டை நெல்லைத் தூக்கின மாதிரி இருக்கும். ஒவ்வொரு கச்சேரிக்கும் அதை ஸ்கூட்டரின் பின் சீட்டில் ஏற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்புவான்.

போன மாதம் வேளாங்கண்ணியில் ஒரு மண்டபம். பெட்டியை மேடைக்குத் தூக்கியவன் பாதிப் படியில் அப்படியே நின்றுவிட்டான். இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் வந்து பெட்டியைத் தூக்கினார்கள். இன்னும் இரண்டு பேர் வந்து பரணியைத் தூக்கினார்கள். கச்சேரி தாமதமாகத்தான் தொடங்கியது.

கோவிந்தராசு கோபப்படுகிறவர் இல்லை. அமைதியாகத்தான் சொன்னார்.

"தம்பி, அடுத்தது திருவாரூர்ல கல்யாண ரிசப்ஷன். நேரத்துக்கு நீங்க வரணும், ஒழுங்காச் சத்தம் வரணும். இல்லேன்னா கீபோர்டுலயே கிட்டார் சத்தத்தைப் போட்டுக்கிறேன். அதுக்கு இடுப்பு கிடையாது."

இடுப்பை விட அந்த வார்த்தைதான் பரணிக்கு அதிகம் வலித்தது. கீபோர்டு ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திருக்காது என்பது அவனுக்குத் தெரியும்.

அந்த வாரம்தான் குந்தவை ஒரு வீடியோவை அவன் போனுக்கு அனுப்பினாள். யாரோ ஒருவர் இதே மாதிரிப் பெட்டியை இரண்டாகப் பிரிக்கிறார். மேலே இருக்கும் சாமான்கள் ஒரு சின்னப் பெட்டிக்குள். ஸ்பீக்கர் தனியாக ஒரு பெட்டிக்குள். நடுவில் ஒரே ஒரு ஒயர்.

"ரெண்டாப் பிரிச்சா தூக்க லேசா இருக்கும்ங்க. உங்க இடுப்பை நினைச்சுதான் சொல்றேன்" என்றாள்.

பரணி உருகிப் போனான். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அந்தப் பெட்டியைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் அன்பான வார்த்தை அது.

அதனால்தான் இட்லித் தட்டு கூடத்துக்கு வந்தது. அன்று மாலையே குந்தவை திருகாணிகளை ஒரு டம்ளரில் கொட்டிவிட்டுத் தட்டை மீட்டுக்கொண்டாள். பல ரகமாக இருந்தவை ஒரே ரகமாயின.

"எது எங்கே போகும்னு இனி எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"எது எந்த ஓட்டையில நுழையுதோ, அதுதான் அதோட இடம்."

புதுப் பெட்டி செய்யும் வேலை அடுத்த தெருத் தச்சர் காத்தானுக்குப் போனது. சாமான்களுக்கு ஒரு சின்னப் பெட்டி, பழைய பெட்டியின் மேல்பக்க ஓட்டைக்கு ஒரு பலகை. அவ்வளவுதான் பரணி கேட்டது. காத்தான் இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்தபோது பரணி வாசலிலேயே அலறிவிட்டான்.

"அண்ணே! பழைய பெட்டியை ஏன் அறுத்தீங்க? உயரமே குறைஞ்சுபோச்சே!"

"இருபத்திமூணு அங்குலம் இருந்துச்சு தம்பி. மனையடி சாஸ்திரப்படி ஆகாது, குடும்பத்துல கலக்கம். பதினேழா ஆக்கிட்டேன். ராஜயோகம்."

"அது வீட்டுக்குண்ணே! அடிக்கணக்கு!"

"அடிக்கு ஆகாதது அங்குலத்துக்கு மட்டும் ஆயிடுமா?"

சொந்த வீடு கட்டியபோது இதே சாஸ்திரத்துக்காகச் சமையலறைச் சுவரை இடித்துத் தள்ளிக் கட்டச் சொன்னவனே பரணிதான்.

சின்னப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். அதற்குக் கைப்பிடியே இல்லை. அடியில் தடிமனான ஸ்பாஞ்ச், அதற்கு மேல் பூப்போட்ட துணி.

"கைப்பிடி எங்கே?"

"கைப்பிடி வச்சா பாரம் ஒரு பக்கமா இழுக்கும். இதைக் கொழந்தை மாதிரி அணைச்சுத் தூக்கணும்."

"அடியில ரப்பர் கால்தானே கேட்டேன்?"

"ரப்பர் உறுத்தும் தம்பி."

"யாருக்கு?"

காத்தான் குந்தவையைப் பார்த்தார். குந்தவை மின்விசிறியைப் பார்த்தாள்.

"தரைக்கு" என்றார் காத்தான்.

போனது போகட்டும் என்று பரணி எல்லாவற்றையும் மாட்டி, ஒயரைக் கொடுத்து, கிட்டாரின் தடித்த கம்பியைத் தட்டினான். 'ர்ர்ர்ர்' என்று பெட்டிக்குள் ஒரு தேன்கூடே கலைந்தது.

பெட்டி சின்னதாகிவிட்டதால் வந்த கோளாறு என்று முடிவு செய்தான். ஒரு தலையணையைப் பிரித்து உள்ளே இலவம்பஞ்சை அடைத்தான். இப்போது தேனீக்களும் இருந்தன, அவற்றோடு யாரோ போர்வைக்குள் படுத்துக்கொண்டு வாசிப்பது போலவும் இருந்தது. பஞ்சை வெளியே இழுத்தான். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

பஞ்சு அடங்கியபோது இருவர் தலையும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"நல்லதாப் போச்சு. அப்படியே அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் பாத்துடலாம்" என்றாள் குந்தவை.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் போனும் வந்தது. கோவிந்தராசு.

"ஏற்பாடெல்லாம் எந்த அளவுல இருக்கு தம்பி?"

"தயார்ண்ணே, கேளுங்க" என்று போனைக் கீழே வைத்து வாசித்துக் காட்டினான்.

"பக்கத்துல மாவு மில்லு ஓடுதா?"

"கிட்டார்ண்ணே."

"சரி. எதுக்கும் நான் கீபோர்டைத் துடைச்சு வைக்கிறேன்."

பஞ்சு போய்த் தக்கை வந்தது. தக்கை போய்ப் பசை வந்தது. ஒவ்வொரு வைத்தியத்துக்கும் தேனீக்கள் பெருகினவே தவிரக் குறையவில்லை. கச்சேரி நாளான ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கிட்டாரை உறைக்குள் போட்டு மூடிவிட்டு, துக்க வீட்டு முகத்தோடு பரணி இட்லி சாப்பிட உட்கார்ந்தான்.

கடக்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். வாயிலிருந்து ஒரு திருகாணி வந்தது.

"ஐயோ! தட்டைத் தேய்ச்சுத்தானே வச்சேன், குழி ஓட்டையில சிக்கியிருந்துச்சா! பல்லு போயிடுச்சா?" குந்தவை பதறி ஓடி வந்தாள்.

"பல்லு கிடக்கட்டும். இது ஸ்பீக்கர் திருகாணிடி!"

சட்னிக் கையோடு ஓடினான். ஸ்பீக்கரின் ஒரு மூலை இத்தனை நாளும் பிடிப்பில்லாமல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. முடுக்கினான், வாசித்தான். தேனீக்கள் ஒன்றுகூட இல்லை. பழைய பெட்டியில் இருந்ததை விடச் சுத்தமான சத்தம்.

மதியம் கிளம்பும்போதுதான் அடுத்த சிக்கல். பின் சீட்டில் ஒரு பெட்டியைக் கட்டினால் மற்றதற்கு இடமில்லை. ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் ஸ்பாஞ்ச் வழுக்கியது. கைப்பிடி இல்லாத பெட்டியில் கயிறு எங்கே மாட்டுவது? ஆட்டோவுக்குப் போன் போட்டால், முகூர்த்த நாள், ஒன்றும் காலியில்லை. பரணிக்கு வியர்த்தது. திருவாரூர் மேடையில் தன் நாற்காலியில் கீபோர்டு கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது.

அப்போது குந்தவை வெளியே வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, தோளில் அவனுடைய கிட்டார்.

"நீ எங்கே கிளம்பிட்டே?"

"வேற வழி? சின்னதை நான் மடியில வச்சுக்கிறேன். உங்க மானம் போகக் கூடாதே."

"பெரியது?"

காஸ் சிலிண்டரை வைப்பது போல அதை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தான். ஹேண்டிலில் இடிக்கவில்லை. பக்கத்தில் கால் ஊன்ற இடமும் இருந்தது. குந்தவை ஏறி உட்கார்ந்தாள். பூத்துணி கீழே வர, சின்னப் பெட்டி அவள் மடியில் பாந்தமாக அமர்ந்தது.

வேலை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வந்த காத்தான் தெருவில் நின்றுகொண்டிருந்தார். பரணிக்கு மனசு நிறைந்துவிட்டது.

"அண்ணே, உங்களைத் திட்டினதுக்கு மன்னிச்சுக்குங்க. உங்க மனையடி சாஸ்திரம் லேசுப்பட்டது இல்ல. அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காந்துடுச்சு!"

காத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

"சாஸ்திரமாவது ஒண்ணாவது! கல்யாணமான நாள்லேருந்து பின் சீட்டுல பொட்டியைத்தான் உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறீங்களாமே தம்பி, அந்த எடம் காலியாகிற மாதிரி அறுத்துக் குடுங்கண்ணேன்னு தங்கச்சிதான் ஸ்கூட்டரை அளந்து சொல்லிச்சு."